யாத்திரை தடைப்பட்டால்



விடுமுறைக்கென வகுத்த சம்மேதசிகர யாத்திரை, இரயில் நின்றதாலோ வீட்டில் ஒருவர் நோயுற்றதாலோ தடைப்படுவதுண்டு. 20 தீர்த்தங்கரர் வீடுபேறு எய்திய மலையைக் காண இயலாத வருத்தம் பெரிது. அடுத்த ஆண்டு கால் வழங்குமோ என்றஞ்சும் முதியோர்க்கு அது இன்னும் பெரிது. எனினும், கிடைத்த ஓய்வு வீணாக வேண்டியதில்லை.

குறித்த காலத்திற்குச் செல்லும் எல்லையைச் சுருக்கிக்கொள்ளும் தேசவிரதம் இல்லறத்தார்க்கு உரியது. துறவியரும் சிற்றுயிர்க்கு ஊறு நேராதிருக்க மழைக்காலத்தில் ஓரிடத்தே தங்குவர். தடையால் நேர்ந்த தங்கலையும் மனம் ஒப்பி ஏற்றால் அது நோன்பாகும்.

அண்மைத் தலங்களும் உள்ளன. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரரும் ஒரே பாறையில் காட்சி தருகின்றனர். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் அங்குண்டு. போளூர்ப் பக்கம் திருமலையில் ஏறத்தாழ 16 அடி உயர நேமிநாதர். பொன்னூர்மலையில் குந்தகுந்தர் திருவடி. மலையேற இயலாதோர் காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றம் சென்று, மண்டப விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாற்றை ஓவியமாகக் காணலாம்.

இல்லத்திலேயே தங்குவோர்க்கும் பணி உண்டு. பொழுது சாயுமுன் உணவு முடித்து, சாமாயிகம் இயற்றி, பாட்டி மனப்பாடமாய்ச் சொல்லும் தோத்திரங்களைப் பேரப்பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். ஏட்டில் ஏறாத பாட்டு அவருடனேயே மறைந்துவிடும். திரும்பக் கிடைத்த பயணச்சீட்டுப் பணத்தில் ஒரு பகுதி ஆகாரம், மருந்து, நூல் ஆகிய தானங்களுக்கு ஆகட்டும்.

சிகரத்தை மறுமுறை காணலாம். முதியோரோடு அமரும் இந்நாள்கள் மீண்டும் வாய்ப்பது அரிது.

அறம் வளர்க!