ஓடுவதற்கும் ஒரு கால் வேண்டும்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் ஒரு தோழர் எழுந்து கேட்டார்: "கூலி பாக்கிக்கே அலைந்துகொண்டிருக்கிறோம். கால் போன பையன் ஓட்டப் பந்தயம் ஓட உண்டியல் குலுக்குகிறீர்களே, இது தேவைதானா?" நியாயமான கேள்வி. பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்தத் தம்பியை உங்களில் பலர் அறிவீர்கள். கரும்பு வெட்டும் குடும்பம். பதினாறு வயதில் கரும்பு லாரியின் சக்கரம் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் நூறு மீட்டர் ஓட்டத்தில் அவனை முந்த ஆளில்லை.

முதலில் நாங்கள் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறோம். கூடிப் பேசினோம். தீர்மானம் போட்டோம். மூன்று சக்கர வண்டி வாங்கினோம். மேடை கட்டி, மாலை போட்டுக் கொடுத்தோம். அவனுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், அவன் தாயார் அந்த வண்டியில் தண்ணீர்க் குடங்களை ஏற்றித் தள்ளிக்கொண்டு வருகிறார். தம்பி கம்பை ஊன்றிக் கூடவே வருகிறான். "வண்டி நல்லா இருக்குங்க தோழர், தண்ணிக்கு ரொம்ப உதவி" என்றார் அந்த அம்மா. கேலியில்லை, மனதாரத்தான் சொன்னார். எங்களுக்குத்தான் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

அன்றுதான் அவனைக் கேட்டோம். "ஓடணும்" என்றான்.

நடப்பதற்குக் கால் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. ஜெய்ப்பூரில் 1960களின் பிற்பகுதியில் டாக்டர் பி.கே. சேத்தியும் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து ரப்பர்க் கால் செய்தார்கள். செருப்பில்லாமல் நடக்கலாம், சம்மணம் போட்டு உட்காரலாம், வயல் சேற்றில் இறங்கலாம். படித்த டாக்டருக்குத் தோன்றாததைக் கைத்தொழில் தெரிந்தவர் செய்து காட்டினார் என்பதில் நமக்கும் பெருமை உண்டு. ஆனால் அது நடக்கும் கால். வேகமாக ஓடும்போது தரையை உதைத்துத் தள்ளும் விசை அதில் இல்லை.

ஓடும் கால் வேறு. 'பிளேடு' என்கிறார்கள். பார்த்தால் வளைந்த அரிவாள் மாதிரி இருக்கும். குதிகால் கிடையாது. அமெரிக்காவில் வான் பிலிப்ஸ் என்பவர் 1976ல் ஒரு காலை இழந்தார். தமக்குக் கொடுத்த கட்டைக் கால் பிடிக்காமல் அந்தத் தொழிலையே படித்து, 1980களில் கார்பன் இழையால் கால் செய்தார். இழைத் தாள்களை அடுக்கிப் பிசினிட்டுச் சூட்டில் இறுக்கியது அது. உடம்பின் பாரம் விழும்போது வில்போல் வளைகிறது. நிமிரும்போது ஆளை முன்னே தள்ளுகிறது. எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பது ஓடுகிறவரின் எடையைப் பொறுத்தது. ஆகவே ஒருவர் கழற்றி வைத்ததை இன்னொருவருக்குக் கொடுத்தால் ஒத்துவராது.

பிளேடு வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைத்திருந்தோம். அதுவும் தவறு. எஞ்சிய கால் உட்காருகிற கிண்ணம் ஒன்று உண்டு, சாக்கெட் என்பார்கள். சங்கதியெல்லாம் அதில்தான் இருக்கிறது. மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி அச்செடுத்து, அந்த அச்சின்மேல் செய்கிறார்கள். ஓடுவதற்குத் தனிக் கிண்ணம் வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் தோல் உரிந்து புண்ணாகும். பிறகு நடக்கிற காலைக்கூட மாட்ட முடியாது. எஞ்சிய கால் நாளாக நாளாக இளைக்கிறது, உருவம் மாறுகிறது. கிண்ணத்தையும் மாற்ற வேண்டும். நம் ஊர் வெயிலில் உள்ளே போடும் உறை வியர்வையில் வழுக்கும். நடுவில் நின்று கழற்றித் துடைத்துப் போட வேண்டும். தக்க ஆள் பார்த்துச் சரி செய்யாவிட்டால் லட்சக்கணக்கில் விலையுள்ள பிளேடு சுவரில் ஆணியடித்துத் தொங்கும்.

விருப்பமிருந்தால் ஒற்றைக் காலில் ஓடட்டுமே என்று ஒருவர் சொன்னார். முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர்கள் பாரா ஓட்டப் பந்தயத்தில் செயற்கைக் கால் அணிந்தே ஓட வேண்டும். நொண்டியடித்து ஓட விதி இடம் தரவில்லை. கால் இல்லையென்றால் கோட்டருகே நிற்கவே முடியாது.

இனி, தேவைதானா என்ற கேள்வி. வேலையில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு தர 1923ல் செய்த சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. நடுத்தொடைக்குக் கீழிருந்து முழங்காலுக்குக் கீழே 8.89 சென்டிமீட்டர் வரை எங்கே வெட்டுப்பட்டாலும் சம்பாதிக்கும் சக்தியில் இழப்பு 60 சதவீதம் என்று அதில் எழுதியிருந்தார்கள். அந்தப் பணத்தையும் அலையாமல் வாங்கியவர் நம்மில் யார்? ஆனால் கணக்கைப் பாருங்கள். நம் கால் வேலைக்கு வந்துபோகும் சாமான், அவ்வளவுதான். ஓடிய சந்தோஷத்துக்கு அதில் பத்தி கிடையாது. நாமும் நம் பிள்ளைகளை அந்த அட்டவணையை வைத்துத்தான் அளக்கப் போகிறோமா?

2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு முழுக்க விளையாட்டைப் பற்றியது. அவர்கள் விளையாட்டில் பங்கு பெற அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும், பயிற்சி வசதிக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆகவே உண்டியலோடு மனுவும் போட்டிருக்கிறோம். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016ல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வென்றபோது மாநில அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. கொடுக்க வேண்டியதுதான். நாம் கேட்பது, ஜெயிப்பதற்கு முன்னால் வேண்டிய உதவியை.

எல்லாவற்றுக்கும் அரசு வாசலில் நிற்க வேண்டியதும் இல்லை. நடவு வேலை செய்துவந்த நம் சகோதரி ஒருவருக்குத் தொடைக்கு மேலே கால் இல்லை. குண்டு எறிய ஆசை. உட்கார்ந்தே எறியும் போட்டி உண்டு. நாகாலாந்தைச் சேர்ந்த ராணுவ வீரர் ஹொகாட்டோ செமா, கண்ணிவெடியில் கால் இழந்தவர், 2024ல் பாரிஸில் 14.65 மீட்டர் எறிந்து வெண்கலம் வாங்கினார். அதற்கு வேண்டியது ஓர் இரும்பு நாற்காலி. மெத்தையோடு சேர்த்து உயரம் 75 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஆடக் கூடாது, பிடித்துக்கொள்ளும் கம்பி நேராக ஒரே துண்டாக இருக்க வேண்டும். நம் ஒர்க்ஷாப் தோழர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் வெல்டிங் வைத்து முடித்துவிட்டார்கள். முதல் தடவை உயரம் இரண்டு விரல் கூடிப்போய்க் காலை அறுக்க வேண்டியதாயிற்று, பரவாயில்லை.

தம்பிக்கு வருகிற செவ்வாய்க்கிழமை அச்செடுக்கிறார்கள். காலை ஆறு மணி பஸ். அன்று ஒரு நாள் போதாது. பொருத்திப் பார்க்க, திருத்த, இன்னும் நான்கைந்து தடவை போய்வர வேண்டும். அவன் தாயாருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும். அதை ஈடு செய்யவும், துணைக்குப் போகவும் ஆள் வேண்டும். இரவு ஷிப்டு முடித்து வருகிறவர்களும், அறுவடை இல்லாத நாட்களில் விவசாயத் தோழர்களும் முறை வைத்துக்கொள்ளலாம். நோட்டு மேஜைமேல் இருக்கிறது. போவதற்குள் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.