துவாஸிலிருந்து தேக்காவுக்கு: ஒரு கடைவீட்டு மாடி

சிங்கப்பூரில் ஓவியருக்கோ நடனக் குழுவுக்கோ ஏற்ற விசாலமான மாடி ஒன்று விற்பனைக்கு வந்தால், அது பெரும்பாலும் பழைய கடைவீட்டின் மேல்தளமாகத்தான் இருக்கும். நியூயார்க்கின் சோஹோவில் நிலைமை வேறு. அங்கே கைவிடப்பட்ட தொழிற்கூடங்களின் மாடிகளில் கலைஞர்கள் குடியேறினார்கள். 1971இல் நகர நிர்வாகம் அதைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. சிங்கப்பூரின் ஆலைகளோ தீவின் மேற்கு முனையான துவாஸில் இன்றும் ஓயாமல் இயங்குகின்றன. அங்கே உயரமான கூரையும் அகன்ற தளமும் உண்டு. ஆனால் ஊழியர் தங்கும் விடுதிகளைத் தவிர, தொழிற்பேட்டைக் கட்டடத்தில் யாரும் குடியிருக்க அனுமதி இல்லை.

அதனால் மாடி தேடுபவர் துவாஸை விட்டுக் கடைவீடுகள் உள்ள லிட்டில் இந்தியாவுக்கு வரவேண்டும். கிழக்கு-மேற்கு ரயில் பாதை துவாஸ் லிங்க் வரை நீண்டது 2017 ஜூன் 18 அன்று. அங்கே ஏறி ஊட்ரம் பார்க்கில் வடகிழக்குப் பாதைக்கு மாறினால் லிட்டில் இந்தியா நிலையம் ஒரு மணி நேரப் பயணம். ஞாயிற்றுக்கிழமை அந்த ரயிலில் வருவோரில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் நிறையப் பேர். ஊருக்குப் பணம் அனுப்ப, சாப்பிட, சொந்தக்காரரைப் பார்க்கத் தேக்கா எனப்படும் லிட்டில் இந்தியாவுக்கு வருகிறார்கள்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் சிராங்கூன் சாலையும் அதன் கிளைத் தெருக்களும் கடைவீடுகளால் ஆனவை. கீழே வியாபாரம், மேலே குடியிருப்பு, முன்புறம் வெயிலும் மழையும் படாத ஐந்தடிப் பாதை. தெருவை ஒட்டிக் கூரையிட்ட நடைவழி வேண்டும் என்ற விதி 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே இருந்தது. வீட்டின் அகலம் பொதுவாக 4 முதல் 6 மீட்டர். ஒரு பக்கச் சுவருக்கும் மறு பக்கச் சுவருக்கும் இடையே உத்தரம் எட்டும் தூரமே அந்த அகலம். அதனால் மாடியில் நடுத்தூண் கிடையாது. செங்குத்தான மரப்படியில் ஏறினால் முன்சன்னலிலிருந்து பின்சுவர் வரை ஒரே நீளமான பலகைத் தளம், மேலே ஓட்டுக்கூரையின் சரிவு. ஆள் உயரச் சன்னல்களின் சாய்பலகைக் கதவைச் சாத்தினாலும் காற்று வரும்.

இந்த மாடியின் உயிர் நடுவில் உள்ள திறந்த முற்றம். மேல்நாட்டு ஓவியர்கள் வடக்குச் சன்னலைத் தேடுவார்கள். அங்கே நேர்வெயில் படாது. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகைகூட விலகாத சிங்கப்பூரில் அந்தக் கணக்கு செல்லாது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. முற்றத்துச் சுவரில் பட்டு இறங்கும் வெளிச்சமே திசை மாறாமல் மென்மையாக நிற்கும். ஓவியப் பலகையை முற்றத்தின் ஓரமாக நிறுத்துவதே சரி.

இந்த வீடுகள் தப்பிப் பிழைத்ததே பெரிய காரியம். 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருந்தவர்களைக் காத்தது. ஆனால் கிடைத்த சொற்ப வாடகையில் பழுது பார்க்க உரிமையாளர்கள் முன்வரவில்லை, வீடுகள் சிதைந்தன. அச்சட்டம் 2001இல் முற்றாக நீக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1989 ஜூலை 7 அன்று, லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. முகப்பு, கூரை, முற்றம் போன்றவற்றில் கைவைக்க நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். வாங்குபவருக்கு இது தொல்லையாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கண்டிப்பு இல்லாதிருந்தால் அந்த முற்றங்கள் எப்போதோ மூடப்பட்டிருக்கும்.

கலைஞர்கள் இங்கே பெரும்பாலும் வாடகைக்கே இருந்தார்கள். தேசியக் கலைகள் மன்றத்தின் இடவசதித் திட்டத்தில் கெர்பாவ் சாலைக் கடைவீடுகள் கலைக் குழுக்களுக்குக் கிடைத்தன. கே. பி. பாஸ்கர் 1952இல் தொடங்கிய பாஸ்கர் கலைக்கழகம் அவற்றில் ஒன்றில் பல ஆண்டுகள் இயங்கியது. அதே சாலையில், 1900இல் கட்டப்பட்ட டான் டெங் நியா இல்லம் வானவில் நிறங்களில் நிற்கிறது. லாசால் கலைக் கல்லூரியும் நடக்கும் தூரத்தில்தான்.

குறைகளும் உண்டு. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் என்பதால் தாளிலும் கித்தானிலும் பூஞ்சை பிடிக்கும். கரையானுக்கு மரத்தளம் விருந்து. கற்சிலை, கனமான அச்சு இயந்திரம் ஆகியவற்றைப் பழைய உத்தரம் தாங்காது. கீழே உணவகம் இருந்தால் எண்ணெய்ப் புகை மேலே வரும். தீபாவளிச் சந்தை நாள்களிலும், பெருமாள் கோவிலிலிருந்து தைப்பூசக் காவடிகள் புறப்படும் நாளிலும் தெருச் சத்தம் மாடியை நிறைக்கும். தாளத்தோடு வேலை செய்பவருக்கு அது பாக்கியம்.

வாங்க நினைப்பவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டும். நிலம் நிரந்தர உரிமையா, 999 ஆண்டுக் குத்தகையா, 99 ஆண்டுக் குத்தகையில் மீதி எவ்வளவு? மேல்தளத்துக்கு அனுமதிக்கப்பட்ட பயன்பாடு குடியிருப்பா, அலுவலகமா? உத்தரத்தையும் கூரையையும் பொறியாளர் பார்த்தாரா? வணிகத்துக்கு என ஒதுக்கப்பட்ட கடைவீட்டை வெளிநாட்டவரும் வாங்கலாம். குடியிருப்புக்கு என ஒதுக்கப்பட்டதை வாங்க அரசின் ஒப்புதல் வேண்டும். விலை பல மில்லியன் வெள்ளி என்பதால், கலைஞர் ஒருவர் தனியாக வாங்குவது அரிது. நால்வர் சேர்ந்து வாடகைக்கு எடுப்பதே நடைமுறைக்கு ஒத்த வழி.