கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்தால்



2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வைத்தியம் என்னவோ சின்னதுதான்: சேஃப் மோடில் போய் ஒரு பைலை நீக்கணும். ஆனால் பிட்லாக்கர் பூட்டிய மெஷின்கள் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டன. சில இடங்களில் அந்தக் கீயே நின்றுபோன இன்னொரு மெஷினுக்குள் இருந்தது!

ப்ராஜெக்ட் கொடுக்கிற வாரம் பார்த்து லேப்டாப் படுத்துக்கொண்டால், சிந்தாதிரிப்பேட்டை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள். நாங்களும் ஓடியவர்கள்தான். 'ஃபார்மட் பண்ணிடலாமா?' என்று யாராவது கேட்டால் உடனே தலையாட்டிடாதீங்க. சிஸ்டம் பைல் கெட்டது வேறே, உங்க பைல் கெட்டது வேறே. உபுண்டு ஏற்றிய பென்டிரைவிலிருந்து மெஷினைக் கிளப்பி, முதல்லே உங்க பைல்களை வெளியே எடுங்க. அப்புறம்தான் விண்டோஸ் ரிப்பேர் திரையில் எஸ்எஃப்சி கட்டளை. கெட்டுப்போன சிஸ்டம் பைல் இருந்த இடத்தில் நல்ல பிரதியை அதுவே வைக்கப் பார்க்கும். அதற்கும் மசியவில்லை என்றால் ஃபார்மட் பண்ணுங்க, பயமில்லை.

இப்போது பல லேப்டாப்கள் நமக்குத் தெரியாமலே பூட்டோடு வருகின்றன. கீ பெரும்பாலும் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும். இன்றைக்கு ராத்திரியே தேடி எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்க. லேப்டாப் பைக்குள்ளே மட்டும் வேண்டாம்.