பட்டா இல்லாதவர்களின் குழு



மறைந்த தோழரின் நினைவுநாளில், அவர் கடைசிவரை கவலைப்பட்ட ஒன்றைப் பற்றியே பேசுகிறோம்: நாம் எப்படி ஒன்றுசேர்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம்?

பிறர் ஏடுகளில் இடம் கிடைக்காதபோது நாமே ஏடு கண்டோம். 1893இல் இரட்டைமலை சீனிவாசனின் ‘பறையன்’, 1907இல் அயோத்திதாசரின் ‘ஒரு பைசாத் தமிழன்’, 1920இல் அம்பேத்கரின் ‘மூக்நாயக்’. இன்று அந்த இடத்தில் கைபேசி இருக்கிறது. 2018 மார்ச் 20இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தது. ஏப்ரல் 2இல் நாடு தழுவிய முழுஅடைப்பு. பெரிய கட்சிகள் அதைத் தொடங்கவில்லை. வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் அழைப்பு பரவியது. வடமாநிலங்களில் பலர் உயிரிழந்தனர். ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி மீட்டது.

அதே ஆண்டில்தான் இந்த அயோத்தியாப்பட்டணம் வட்டாரத்தில் எட்டுவழிச் சாலைக்குக் கல் நட்டார்கள். சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டங்கள். ராமலிங்கபுரம், குப்பனூர், அச்சாங்குட்டப்பட்டிப் பெண்கள் அழுதும் மறித்தும் நின்றதைக் கைபேசிகள் வெளியுலகுக்குக் கொண்டுபோயின. எதிர்த்துப் பேசியவர்கள் கைதானார்கள். 2019 ஏப்ரல் 8இல் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிலம் எடுக்கலாம் என்றது.

அந்த நாள்களில் காலனித் தெருவில் ஒரு அம்மா எங்களைக் கேட்டார்: “காடு இருக்கறவங்களுக்குப் பணமாச்சும் வருமுங்க. அந்தக் காட்டுல கூலிக்குப் போற எங்களுக்கு?”

எங்கள் குழுக்களில் பட்டாதாரர்கள் இருந்தார்கள், மாணவர்கள் இருந்தார்கள். அவர் இல்லை. மூன்றாண்டுகளாக அந்தப் பகுதியில் உழைத்து, அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட நிலமற்ற கூலிக் குடும்பமும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் சொல்கிறது. நூற்றுக்கணக்கில் செய்திகளை அனுப்பிய நாங்கள், இந்த ஒரு வரியை அவரிடம் கொண்டுசேர்க்கவில்லை. இது எங்கள் தவறு.

கைபேசி ஆளைக் கூட்டும். யாருக்காகக் கூட்டுகிறோம் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். அடுத்த கல் நடுவதற்குள் தெருத்தெருவாகப் போவோம். யார், யார் காட்டில், எத்தனை ஆண்டாக வேலை செய்கிறார் என்று எழுதி வைப்போம். எழுத்து தெரியாதவருக்குக் குரல்பதிவு அனுப்புவோம். கைபேசியே இல்லாதவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவோம்.

அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்வரை நம் குழு முழுமையடையாது.

ஜெய்பீம்.