மலைக்குப் போகும் வழியில் ஒரு நாடகக் கொட்டகை



சமயங்களைப் படிப்பது என் தொழில். இந்தத் தொழிலில் இருப்பவனிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?" என்பதுதான். நான் பதில் சொல்வதில்லை. சொல்லிவிட்டால், எந்தப் பதிலாக இருந்தாலும் சரி, கேட்டவர் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்கிறார். இன்றும் சொல்லப்போவதில்லை. அதற்குப் பதிலாக, கார்த்திகை பிறந்ததும் உங்களில் பலர் வீட்டில் நடக்கிற ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன்: சபரிமலை யாத்திரை.

ஏதோ தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்தே தமிழ்நாடு முழுக்க மாலை போட்டுக்கொண்டிருந்தது போல நமக்கு ஒரு நினைப்பு. கோயில் பழையதுதான். சாஸ்தா வழிபாடும் பழையதுதான். ஆனால் சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் வேன் வேனாக ஆட்கள் மலைக்குப் போவது பெரும்பாலும் சுதந்திரத்துக்குப் பிந்தைய கதை. அந்தக் கதையில் அர்ச்சகர்களைவிட நாடகக்காரர்களும் சினிமாக்காரர்களும் அதிகம் வருகிறார்கள்.

1950இல் சபரிமலைக் கோயில் தீக்கிரையானது. விக்கிரகமும் சேதமடைந்தது. புதிய ஐம்பொன் விக்கிரகத்தை வழங்கியவர் பி.டி. ராஜன். நீதிக்கட்சித் தலைவர், 1936இல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர். நீதிக்கட்சி என்றதும் பாடப்புத்தகம் நமக்குள் ஒரு படத்தை வரைந்து வைத்திருக்கிறது. இந்தச் செய்தி அந்தப் படத்துக்குள் அடங்காது. விக்கிரகம் மலையேறுவதற்கு முன் தமிழ்நாட்டு ஊர்களில் ஊர்வலமாக வந்தது. ஜனம் சாமியைத் தேடிப் போவதற்கு முன்னால் சாமியே ஜனத்தைப் பார்க்க வந்துவிட்டார்.

அந்த முயற்சியில் பி.டி. ராஜனோடு நின்றவர் நவாப் ராஜமாணிக்கம். பக்த ராமதாஸ் நாடகத்தில் நவாபாக வேஷம் கட்டி வாங்கிய பெயர் அது. மேடையில் தந்திரக் காட்சிகள் காட்டுவதில் அவர் குழுவுக்குப் பெரிய பேர். அவர் ஐயப்பன் கதையை நாடகமாகப் போட்டார். பம்பையை அதுவரை கண்ணால் பார்த்திராத ஊர்களில், கொட்டகை மண்ணில் உட்கார்ந்து டிக்கெட் வாங்கிப் பார்த்த கூட்டத்துக்கு, புலிமேல் வரும் பாலகன் இப்படித்தான் அறிமுகமானார்.

அந்தக் குழுவில் சிறுவனாகச் சேர்ந்த ஒருவரை உங்கள் பெற்றோருக்கு நன்றாகத் தெரியும்: எம்.என். நம்பியார். 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆர். சாட்டையைச் சுழற்றும்போது அடி வாங்குகிறவர். 1965இல் திரையில் அவரைப் பார்த்துக் கையை முறுக்கிய அதே ஜனம், கார்த்திகையில் அவரைக் குருசாமி என்று கும்பிட்டது. திரையுலகில் எத்தனையோ பேரை அவர் மலைக்கு அழைத்துப் போயிருக்கிறார். வில்லன் வேறு, சாமி வேறு என்று பிரித்துப் பார்க்க யாரும் அந்த ஜனத்துக்குப் பாடம் எடுக்கவில்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்பதில் அவர்களுக்குச் சிக்கலே இல்லை. படித்தவர்களான நமக்குத்தான் சிக்கல்.

1975இல் 'சுவாமி ஐயப்பன்' என்ற மலையாளப் படம் வந்தது. அதற்காக ஹரிவராசனம் என்ற பாட்டை மத்யமாவதி ராகத்தில் அமைத்தவர் ஜி. தேவராஜன், நாத்திகராக அறியப்பட்டவர். பாடியவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த யேசுதாஸ். இன்றைக்கும் சபரிமலையில் நடை சாத்தும் நேரத்தில் ஒலிப்பது யேசுதாஸ் குரல்தான். சினிமா பக்தியைக் கெடுத்துவிட்டது என்று ஆண்டுதோறும் ஒரு கருத்தரங்கில் யாராவது கட்டுரை வாசிக்கிறார்கள். நானும் பொறுமையாகக் கேட்கிறேன். பிறகு டீக்கடையில் கே. வீரமணியின் ஐயப்பன் பாட்டைக் காலை 5 மணிக்குப் போட்டதும், தூக்கக் கலக்கத்தோடு குளத்துக்குப் போகும் சாமிகளைப் பார்க்கிறேன். கேசட்டோ யூடியூபோ, ஒலிபெருக்கியில் எது ஓடினாலும் பனியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்வது அவர்கள்தான்.

இருமுடிக் கட்டு நிறைக்கும் இடத்தில் ஒரு தரம் பக்கத்தில் நின்று பாருங்கள். தேங்காயின் நாரை நீக்கி வழுவழுவென்று தேய்த்திருப்பார்கள். ஒரு கண்ணைத் திறந்து இளநீரை வடித்துவிட்டு, உருக்கிய நெய்யை அந்தத் துளை வழியாக ஊற்றி, தக்கை வைத்து அடைப்பார்கள். முன்முடியில் சாமிக்குரியது, பின்முடியில் வழிக்குத் தேவையானது. வீட்டார் ஒவ்வொருவராக வந்து கைநிறைய அரிசி அள்ளிப் போடுவார்கள். அதுவரை மகனைப் பெயர் சொல்லி அதட்டிய அம்மா, "சாமி, கவனமாப் போயிட்டு வாங்க" என்பார். அந்த நெய் சந்நிதானத்தில் அபிஷேகமாகும். தேங்காய் மூடி ஆழியில் எரியும். இலங்கையில் பிறந்த மானுடவியலாளர் வாலன்டைன் டேனியல் தமிழ்நாட்டுக் கிராமத்தாரோடு இந்த யாத்திரை போனவர். வெறுங்காலோடு நடக்கிறவனின் வலி என்னவாகிறது என்று உடன் வந்தவர்களைக் கேட்டு, 1984இல் வந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். நூலகத்தில் தேடிப் படியுங்கள். கல்விப்புலத்து ஆங்கிலம்தான், ஆனால் அந்த அத்தியாயத்தில் கால் கொப்புளம் உண்டு.

இந்த அரங்கில் பட்டம் வாங்க வந்திருக்கும் பெண்களைப் பார்த்துக்கொண்டே இதையெல்லாம் ரசித்துச் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. விடியுமுன் எழுந்து குளித்து விரதச் சமையல் செய்பவர் அம்மா. அவரோ 10 வயதுக்கும் 50 வயதுக்கும் இடைப்பட்டவர் என்றால் மலைக்குப் போவதில்லை. 1991இல் கேரள உயர்நீதிமன்றம் அந்த வயதுப் பெண்களுக்கான தடையை ஏற்றது. 2018இல் உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. மறுஆய்வில் எழுந்த கேள்விகள் பெரிய அமர்வுக்குப் போயின. என் கருத்தைக் கேட்டால், 41 நாள் விரதத்தைச் சுமக்கும் கைகளுக்குப் படியேற உரிமையில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏற்கிற பெண்களும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், 2018இல் தெருவில் இறங்கினார்கள். அவர்களை ஏமாந்தவர்கள் என்று ஒதுக்கிவிட்டால் நான் சமயம் படித்தது வீண். எருமேலியில் வாவர் பள்ளிவாசலைச் சுற்றிப் பேட்டை துள்ளிவிட்டு மலையேறுகிற ஒரு வழக்கம் எத்தனை திறப்புகளையும் எத்தனை பூட்டுகளையும் ஒன்றாக வைத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

கடைசியாக உங்களிடம் ஒரு உதவி. வீட்டுக்குப் போனதும் பெரியவர்களைக் கேளுங்கள்: நம் வீட்டில் முதலில் மாலை போட்டது யார், எந்த வருஷம், யார் சொல்லி? நாடகம் பார்த்தா, படம் பார்த்தா, பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டா? மாலையே போடாத வீடென்றால் நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ முதலில் போனவரைக் கேளுங்கள். பதிலை உங்கள் கையெழுத்தில் எழுதி, சொன்னவர் பெயரும் ஊரும் போட்டு, எங்கள் துறைக்கு அனுப்புங்கள். பரணில் எங்காவது நவாப் ராஜமாணிக்கம் குழுவின் நாடக நோட்டீஸ் கிடைத்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தபால் செலவு என்னுடையது.