மெசேஜ் தேடும் கருவியும் கணபதி ஒர்க்‌ஷாப் நோட்டும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்க வேலையைப் பத்தி இருபது நிமிஷம் பேசுங்க தம்பி, புரியற மாதிரி பேசுங்க" என்று செயலாளர் அண்ணன் போன மாதம் சொன்னார். முதல் நிபந்தனை சுலபம். இரண்டாவதுதான் சிரமம். ஏனென்றால் நான் பார்ப்பது மெயின்ஃப்ரேம் வேலை. சொந்தக்காரர் கல்யாணத்தில் இதைச் சொன்னால், "அதெல்லாம் இன்னும் இருக்குதுங்களா?" என்றுதான் கேட்கிறார்கள்.

இருக்கிறது. ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360-ஐ அறிவித்தது 1964 ஏப்ரல் 7-ஆம் தேதி. அந்த வம்சத்தில் வந்த இசட்17 என்ற இயந்திரம் 2025-இல் அறிவிக்கப்பட்டது. நம் மாநிலத்துக்கும் இந்த வம்சத்தோடு பழைய உறவு உண்டு. சென்னை ஐஐடியில் 1973-லேயே ஐபிஎம் 370/155 ஓடியது. 1978-இல் ஐபிஎம் இந்தியாவை விட்டுக் கிளம்பியபோது, இங்கே விட்டுப்போன இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு சிஎம்சி என்ற நம் அரசு நிறுவனத்துக்கு வந்தது. தயாரித்தவன் ஊரில் இல்லாத இயந்திரத்தை ஓட்டவேண்டும் என்றால் கையேடுகளும் அனுபவமும்தான் துணை. இன்று நான் பேச வந்ததும் அந்தக் கையேடுகளைப் பற்றித்தான்.

நான் 2011-இல் இங்கிருந்து வெளியே போனேன். படித்தது எலெக்ட்ரிக்கல். கிடைத்தது கோவையிலேயே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கூட வந்த பையன்களுக்கு ஜாவா, எனக்கு கோபால். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

மெயின்ஃப்ரேமில் ஒரு வேலை நின்றுபோனால், அது ஒரு மெசேஜ் எண்ணைச் சொல்லிவிட்டு நிற்கும். உதாரணத்துக்கு ஐஇசி030ஐ பி37-04. முதல் மூன்று எழுத்து, சிஸ்டத்தின் எந்தப் பகுதி பேசுகிறது என்று சொல்லும். ஐஇசி என்றால் கோப்புகளைக் கையாளும் பகுதி. ஐசிஹெச் என்றால் அனுமதி பார்க்கும் ராக்எஃப். டிஎஸ்என் என்றால் டிபி2. கடைசி எழுத்து ஐ என்றால் தகவல், ஏ என்றால் நீ ஏதாவது செய், டி என்றால் நீ முடிவு சொல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பி37 மெசேஜ் 'தகவல்' என்றுதான் முடியும்; ஆனால் வேலை செத்துப்போயிருக்கும்.

இந்த மெசேஜ்களுக்கு விளக்கம் சொல்லும் எம்விஎஸ் சிஸ்டம் மெசேஜஸ் கையேடு மட்டும் 10 தொகுதிகள். ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. அதனால் தேடித் தரும் கருவிகள் வந்தன. ஐபிஎம்மின் புக்மேனேஜர் கையேடுகளைத் திரைக்குக் கொண்டுவந்தது. மெசேஜ் எண்ணைக் கொடுத்தால் விளக்கம் தரும் 'லுக்அட்' என்ற சேவையையும் ஐபிஎம் நடத்தி, பிறகு நிறுத்திவிட்டது. சிகாகோ-சாஃப்ட் நிறுவனத்தின் குவிக்-ரெஃப் இன்னொன்று. வேலை பார்க்கும் திரையிலிருந்தே மெசேஜைக் கேட்டால் விளக்கம் வந்து நிற்கும். இதில் முக்கியமான வசதி, கம்பெனி தரும் விளக்கத்தோடு நம் இடத்துக்கு மட்டும் உரிய குறிப்புகளையும் நாமே எழுதிச் சேர்க்கலாம். நான் வேலை பார்த்த இடத்திலும் இந்த வகைக் கருவி ஒன்று இருந்தது. பெயர் சொல்லவில்லை. ஏனென்றால் நான் சொல்லப்போகும் கதையில் தப்பு கருவி மேல் இல்லை.

2014-இல் ஒரு மாதக் கடைசி. வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் வேலை. ராத்திரி ஷிஃப்டில் நான் ஒருவன்தான். பிரீமியம் கட்டாதவர்களுக்கு, 'இந்தத் தேதிக்குள் கட்டாவிட்டால் உங்கள் பாலிசி காலாவதியாகும்' என்று நோட்டீஸ் தயார் செய்யும் புரோகிராம் பாதியில் நின்றது. மெசேஜ், நான் முன்னால் சொன்ன அதே பி37-04.

கருவியில் தேடினேன். விளக்கம் பளிச்சென்று வந்தது. எழுதுகிற கோப்புக்கு இடம் போதவில்லை. ஒன்று டிஸ்க்கில் இடமில்லை, அல்லது அந்தக் கோப்புக்குத் தரக்கூடிய துண்டுகள் தீர்ந்துவிட்டன. இடத்தைக் கூட்டிக்கொடுத்து மறுபடி ஓட்டு. அப்படியே செய்தேன். நின்ற ஸ்டெப்பிலிருந்து ஓட்டினேன். அழகாக ஓடி முடிந்தது. டீ குடிக்கப் போனேன்.

காலையில் எங்கள் குழுவின் மூத்த அண்ணன் வந்தார். உடுமலைப் பக்கத்துக்காரர், ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது. வந்ததும் டீக்கு முன்னால் எண்ணிக்கையைப் பார்ப்பது அவர் பழக்கம். நோட்டீஸ் அனுப்பவேண்டியவர்கள் இத்தனை, தயாரான நோட்டீஸ் இத்தனை. இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆயிரத்துச் சொச்சம் குறைந்தது.

நடந்தது இதுதான். அந்தப் புரோகிராம் ஒவ்வொரு பாலிசியாக எடுத்து, மாஸ்டர் கோப்பில் 'நோட்டீஸ் போயாயிற்று' என்று குறி வைக்கும். பிறகு நோட்டீஸை வேறொரு கோப்பில் எழுதும். பாதியில் நின்றபோது அந்த நோட்டீஸ் கோப்பு அழிந்துவிட்டது. ஜாப் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் மாஸ்டரில் வைத்த குறி அப்படியே நின்றது. நான் மறுபடி ஓட்டியபோது, குறி உள்ளவர்களை எல்லாம் புரோகிராம் தாண்டிப் போய்விட்டது. அந்த ஆயிரம் பேருக்கும் நோட்டீஸே கிடையாது. யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால், எங்கோ ஒரு குடும்பத்தில் தகவலே வராமல் பாலிசி செத்திருக்கும். அது தெரியவரும் நாள், பாலிசி தேவைப்படும் நாளாக இருந்திருக்கும்.

அண்ணன் திட்டவில்லை. "ஏனுங் தம்பி, கம்பெனி என்ன எழுதியிருக்குதுன்னு பார்த்தீங்க. நாம என்ன எழுதி வெச்சிருக்கறோம்னு பார்த்தீங்களா?" என்று கேட்டார். "பார்த்தேனுங்கண்ணா. ஒண்ணுமே வரலைங்க" என்றேன். "வரலையா? நானே எழுதினதாச்சே" என்றார்.

ஆமாம், அவர் பல வருடங்களுக்கு முன்பே எழுதி வைத்திருந்தார். 'இந்த ஜாப் பி37-இல் நின்றால் நின்ற ஸ்டெப்பிலிருந்து ஓட்டாதே; முதலில் மாஸ்டரைப் பழைய நகலிலிருந்து மீட்டு, இரண்டு ஸ்டெப் முன்னாலிருந்து ஓட்டு.' அவ்வளவுதான், மூன்று வரி. அந்த மூன்று வரி எங்கே போயிற்று?

இருவரும் உட்கார்ந்து தேடினோம். தேடிய வரிசையைச் சொல்கிறேன்; கணினித் துறைத் தம்பிகளுக்கு உதவும்.

முதலில், கருவி கூப்பிட்டால் வருகிறதா? வராவிட்டால் ஐகேஜே56500ஐ என்ற மெசேஜ், அந்தக் கட்டளையே கிடைக்கவில்லை என்று சொல்லும். அப்போது புரோகிராம் லைப்ரரி தேடும் பாதையில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எங்களுக்கு வந்தது.

இரண்டாவது, படிக்க அனுமதி இருக்கிறதா? இல்லாவிட்டால் ஐசிஹெச்408ஐ வரும், கூடவே 913 என்று வேலை விழும். ராக்எஃப் பார்ப்பவர்களிடம் படிக்கும் அனுமதி மட்டும் கேட்டால் போதும். அதுவும் சரியாக இருந்தது.

மூன்றாவது, விளக்கம் எந்த வெளியீட்டுக்கு உரியது? ஒரே எண்ணுக்குப் பழைய வெளியீட்டில் ஒரு விளக்கமும் புதியதில் கூடுதல் விவரமும் இருக்கலாம். இயந்திரத்தைப் புதுப்பித்துவிட்டு டேட்டாபேஸைப் பழையதாகவே விட்டால், கருவி கூச்சமில்லாமல் பழைய பதிலையே சொல்லும். அதுவும் எங்களிடம் புதியதாகவே இருந்தது.

நான்காவது, கருவி எந்தெந்த டேட்டாபேஸ்களைப் பார்க்கவேண்டும் என்று சொல்லும் அமைப்பு. மாட்டிக்கொண்டது இங்கேதான். இரண்டு வாரம் முன்பு சிஸ்டத்தைப் புதுப்பித்தபோது கருவியின் புதுப் பிரதியையும் போட்டிருக்கிறார்கள். புதுப் பிரதியின் அமைப்பில் கம்பெனி தந்த டேட்டாபேஸின் பெயர் மட்டும் இருந்தது. எங்கள் சொந்தக் குறிப்புகள் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. அவற்றின் பெயரைச் சேர்க்கத்தான் மறந்துவிட்டார்கள். ஒரே ஒரு வரி. சேர்த்ததும் அண்ணனின் மூன்று வரியும் திரையில் வந்து நின்றன.

கவனியுங்கள். முதல் இரண்டு கோளாறுக்கும் சத்தம் உண்டு, மெசேஜ் வரும். மூன்றாவதுக்குத் திரையிலேயே வெளியீட்டு எண் இருக்கும், கண் இருந்தால் போதும். நான்காவதுக்கு எதுவுமே கிடையாது. இருக்கவேண்டிய ஒன்று இல்லாமல் போனால், கருவி அதைப் பிழை என்று சொல்லாது. குறைவாகக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். பார்ப்பவனுக்கு முழு பதிலும் கிடைத்த மாதிரியே தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

அன்றே ஒரு வழக்கம் ஏற்படுத்தினோம். எங்கள் சொந்த டேட்டாபேஸில் மட்டும் இருக்கும்படி, எந்தக் கம்பெனியும் வைக்காத ஒரு பெயரில் சோதனைக் குறிப்பு ஒன்று எழுதினோம். சிஸ்டத்தில் எது மாறினாலும் முதல் வேலை அந்தப் பெயரைத் தேடிப் பார்ப்பது. வந்தால் சரி. வராவிட்டால் அமைப்பைப் பார்க்காமல் ராத்திரி வேலையைத் தொடங்கக் கூடாது. விடுபட்ட ஆயிரம் பேரின் நோட்டீஸ், மாஸ்டரை மீட்டு மறுபடி ஓட்டி, அன்று மாலைக்குள் போய்விட்டது. என் பெயரில் ஒரு விளக்கக் கடிதமும் போனது!

இதெல்லாம் முடிந்து வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தவர். அன்னூர், அவிநாசி, பல்லடம் பக்கமிருந்து காயில் கருகிப்போன சப்மெர்சிபிள் மோட்டார்கள் வந்து கிடக்கும். அப்பாவிடம் நீளமான அக்கவுண்ட் நோட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஸ்லாட் எத்தனை, சுற்று எத்தனை, கம்பி என்ன கேஜ் என்று எழுதியிருப்பார். பக்கத்தில் சின்ன எழுத்தில், 'இந்தத் தோட்டத்தில் வோல்டேஜ் கம்மி. சுற்றைக் குறைத்து, கேஜ் தடிமனாகப் போடணும்' என்று இருக்கும். மோட்டார் செய்த கம்பெனியின் புத்தகத்தில் சுற்றுக் கணக்கு இருக்கும். அந்தத் தோட்டத்து வோல்டேஜ் இருக்காது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நோட்டு இருந்துச்சு கண்ணு, மேசை மேல இல்லை. அதானே?" பத்து நிமிடம் நான் சொன்னதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

தம்பி தங்கைகளே, இப்போது உங்கள் கையில் செயற்கை நுண்ணறிவு இருக்கிறது. பி37 என்று அடித்தால் எங்கள் கருவியைவிட அழகான தமிழில் விளக்கம் வரும். நானும் பயன்படுத்துகிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஜாபை எந்த ஸ்டெப்பிலிருந்து ஓட்டவேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. நாம் எழுதி, அது பார்க்கிற இடத்தில் வைத்தால்தான் அதற்குத் தெரியும். ஆகவே பதில் வந்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது எந்த வெளியீட்டுக்கு உரிய பதில்? எங்கள் இடத்துக் குறிப்பு இதில் சேர்ந்திருக்கிறதா?

அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். மில்லிலோ, ஃபவுண்டரியிலோ, மின்வாரியத்திலோ, எங்கே இருந்தாலும் சரி, உங்கள் தலைக்குள் இருக்கும் மூன்று வரிகளை எழுதி வைத்துவிட்டு ஓய்வு பெறுங்கள். எங்கள் உடுமலை அண்ணன் கடைசி ஆறு மாதமும் அதைத்தான் செய்தார். தினம் ஒரு குறிப்பு. அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. ராத்திரி ஷிஃப்டில் இருக்கும் பிள்ளைகள் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் சொன்னபடிதான் ஜாபை ஓட்டுகிறார்கள்.

அப்பாவும் 2019-இல், தன்னிடம் வேலை பழகிய பையனிடமே கடையை ஒப்படைத்தார். சாவியோடு நோட்டையும் கொடுத்தார். "இதைப் பார்த்துக்கிட்டே இரு சாமி, நீயும் எழுது" என்று மட்டும் சொன்னார்.