வயலோரத்து மூளைக்காய்ச்சல்

1955-இல் வட ஆற்காட்டிலிருந்தும் அதை ஒட்டிய ஆந்திர மாவட்டங்களிலிருந்தும் வந்த நோயாளிகளிடம்தான், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக இனங்காணப்பட்டது. வேலூரில் கண்டறிந்தார்கள். ஆந்திரத்துச் சித்தூருக்குப் பக்கத்து ஊர்தானே வேலூர். எல்லையின் இரண்டு பக்கமும் அதே ஏரி, அதே நெல்வயல்.

இந்த வைரஸ் கொக்கு, நாரை, பன்றி இவற்றின் உடலில் பெருகுகிறது. வயலில் தேங்கிய நீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு, அந்தி சாய்ந்தபின் கடித்து அதை நமக்குக் கொண்டுவருகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவாது. ஆகவே நோயுற்ற குழந்தையைத் தயங்காமல் மடியில் வைத்துக்கொள்ளலாம்.

தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. மூளையைத் தாக்கிவிட்டாலோ, பத்தில் இரண்டு மூன்று பேர் இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்குப் பேச்சோ நடையோ பழையபடி திரும்புவதில்லை. வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. தடுப்பூசி உண்டு! நோய் காணும் மாவட்டங்களில் 2006 முதல் போடுகிறார்கள். இப்போது 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் மற்றொன்று.

வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் கொசுப்புழு குறையும். பன்றிப் பட்டி வீட்டைவிட்டுத் தள்ளி இருக்கட்டும். காய்ச்சலோடு பிள்ளைக்கு வலிப்பு வந்தால், பிதற்றினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். திருப்பதி ரூயா மருத்துவமனைக்கோ வேலூருக்கோ உடனே கிளம்புங்கள்.